துருப்பிடித்த அடிச்சட்டமும் தன்னையே கொடுக்கும் துத்தநாகமும்



கடந்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலையிலுள்ள என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். கோஸ், தக்காளி, உர மூட்டை என எல்லாவற்றையும் சுமப்பது அவருடைய பழைய நான்கு சக்கர இயக்க வண்டிதான். காலையில் தோட்டத்துக்கு வேலையாட்கள் ஏறிப் போவதும் அதில்தான். நான் போன அன்று அந்த வண்டி பட்டறையில் நின்றது. பின்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று மாமா கொண்டுபோய் விட்டிருந்தார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒரு சிறிய சுத்தியலால் இரும்புச் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். 'டங், டங்' என்று கேட்டுக்கொண்டிருந்த ஒலி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் 'டொப்' என்று மாறியது. அந்த இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். திருப்புளி அப்படியே உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈரச் சேறும் பழுப்பு நிறச் செதில்களும் கொட்டின. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் கறுப்புப் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது.

மாமா என்னைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டு தடவ வெல்டிங் வெச்சாச்சு. மேல பெயிண்டும் அடிச்சாச்சு. மறுபடியும் துருப்புடிச்சா என்னப்பா அர்த்தம்? நீதான் சயின்ஸ் வாத்தியாராச்சே, சொல்லு."

மெக்கானிக் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, மூன்றாம் தடவையாக ஒட்டுப் போடுவது. மற்றொன்று, அடிச்சட்டத்தையே கழற்றிப் போட்டுவிட்டு, கால்வனைஸ் செய்த புதிய அடிச்சட்டத்தை மாட்டுவது. இரண்டாவது வழிக்கான செலவு முதல் வழியைப் போலப் பல மடங்கு. ஆனால் அந்த ஓட்டைக்கு அருகில்தான் பின்சக்கர அச்சைப் பிடித்திருக்கும் தாங்கி இருந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையின் வளைவில் இறங்கும்போது அந்தத் தாங்கி பிய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வழி சரி? ஏன்? மாமாவுக்கு நான் சொன்ன பதில்தான் இந்த வாரப் பாடம். படிவம் 5 மாணவர்கள் வேதியியல் பாடத்தில் படிக்கும் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் இந்த வண்டிக்கு அடியிலும் நடக்கின்றன.

அடிச்சட்டம் என்பது என்ன?

நாம் அன்றாடம் ஓட்டும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உடல் முழுவதும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். லாரிகளும், கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகள் பலவும் அப்படியல்ல. ஏணி வடிவில் ஒரு இரும்புச் சட்டம் கீழே இருக்கும். பட்டறையில் இதைச் 'சேசிஸ்' என்பார்கள். என்ஜின், கியர் பெட்டி, சக்கர அச்சுகள், மேலே உள்ள கூடு என எல்லாம் இந்த ஏணியின் மீதுதான் பூட்டப்படுகின்றன. நம் உடலுக்கு முதுகெலும்பு எப்படியோ, அந்த வண்டிக்கு அடிச்சட்டம் அப்படி.

இந்த வகை வண்டிகளுள் உலகப் புகழ் பெற்றது பிரிட்டனின் லேண்ட் ரோவர். கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவர்கள், காய்கறி ஏற்றிக்கொண்டு ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பிரிட்டனில் எஃகு எளிதில் கிடைக்கவில்லை. அதனால் வண்டியின் மேற்கூட்டை அலுமினியக் கலவையால் செய்தார்கள். பாரம் தாங்க வேண்டிய அடிச்சட்டத்துக்கு மட்டும் எஃகைப் பயன்படுத்தினார்கள். எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிக் குழாய் வடிவில் அதை அமைத்தார்கள்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்யப்பட்ட முதல் லேண்ட் ரோவர்களின் அடிச்சட்டங்கள் துத்தநாகம் பூசப்பட்டவை. பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியபோது அந்தப் பூச்சு கைவிடப்பட்டு, பெயிண்ட் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று பிரிட்டனில் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள், கால்வனைஸ் செய்த அடிச்சட்டத்தைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். தொடக்கத்தில் இருந்த பாதுகாப்பு சுற்றி வந்து மீண்டும் அதே இடத்தில் சேர்ந்துவிட்டது!

துரு என்பது ஒரு மின்கலம்

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று நீர், மற்றொன்று உயிர்வளி, அதாவது ஆக்சிஜன். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. இது நீங்கள் கீழ்ப் படிவங்களிலேயே படித்தது. இப்போது ஒரு படி மேலே போவோம்.

இரும்பின் மேல் ஒரு துளி நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளிக்கு அடியில் ஓர் இடத்தில் இரும்பு அணு 2 எலெக்ட்ரான்களை இழக்கிறது. இழந்தபின் அது இரும்பு 2+ அயனியாகி நீரில் கரைந்துவிடுகிறது. எலெக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம். ஆகவே இந்த இடம் ஆனோடு.

இழந்த எலெக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே வேறோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள உயிர்வளியும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறுகின்றன. எலெக்ட்ரானைப் பெறுவது ஒடுக்கம். ஆகவே இந்த இடம் கேதோடு.

இரும்பு 2+ அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் சந்திக்கும்போது இரும்பு ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது மேலும் உயிர்வளியோடு வினைபுரிந்து, நீரேறிய இரும்பு ஆக்சைடாகிறது. நாம் பார்க்கும் பழுப்பு நிறத் துரு இதுதான். எலெக்ட்ரான் ஓட ஓர் உலோகம், அயனிகள் நகர ஒரு நீர்மம், ஒரு ஆனோடு, ஒரு கேதோடு என மின்கலத்துக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருக்கின்றன. பேட்டரியில் இந்த வேலை நமக்குப் பயன்படுகிறது. வண்டிக்கு அடியிலோ அது இரும்பைத் தின்கிறது.

துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது செதில் செதிலாக உப்பி உதிரும். உதிர்ந்தபின் கீழே உள்ள புதிய இரும்பு வெளிப்பட்டு, அதுவும் துருப்பிடிக்கும். அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடுப் படலம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. துரு அப்படிக் காப்பதில்லை.

ஏன் உள்ளேயிருந்து அரித்தது?

மாமாவின் வண்டியில் வெளிப்பக்கம் நன்றாக இருந்தது, உள்ளே அழுகியிருந்தது. இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதல் காரணம் சேறு. பெட்டிக் குழாய் வடிவச் சட்டத்தில் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நுழையும் சேறும் நீரும் அடியில் தங்கிவிடும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஈரம் காயாது. மழை அதிகம் பெய்யும் மலைப்பகுதியில் இது ஓயாமல் நடக்கிறது.

இரண்டாம் காரணம் உரம். பொட்டாசியம் குளோரைடு, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் உப்புகள். மூட்டையிலிருந்து சிந்திய உரம் நீரில் கரைந்தால் அயனிகள் பெருகும். அயனிகள் பெருகினால் அந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் துருவின் வேகம் கூடும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு இதே கெடுதலைச் செய்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றில் வரும் உப்பும் அப்படித்தான்.

மூன்றாம் காரணம்தான் பலருக்கு வியப்பைத் தரும். சேற்றுக்கு அடியில் உயிர்வளி குறைவு. அப்படியானால் அங்கே துரு குறைவாகத்தானே இருக்க வேண்டும்? உண்மை அதற்கு நேர்மாறானது. உயிர்வளி அதிகமாகக் கிடைக்கும் இடம் கேதோடாக மாறுகிறது. உயிர்வளி குறைந்த இடம் ஆனோடாகி, அங்கேயிருந்துதான் இரும்பு கரைகிறது. ஆகவே சேறு ஒட்டிய இடம், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இடுக்கு, பெயிண்ட் உரிந்து தூக்கிய ஓரம் ஆகியவையே முதலில் ஓட்டையாகின்றன.

ஒட்டுப் போட்டால் ஏன் நிற்கவில்லை?

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். துருப்பிடித்த இடத்தின் மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் செய்கிறார்கள். அப்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

வெல்டிங்கின் வெப்பம், சட்டத்தின் உட்பக்கத்தில் மிச்சமிருந்த பெயிண்டை எரித்துவிடுகிறது. வெளியே மறுபடியும் பெயிண்ட் அடிக்கலாம். மூடிய பெட்டிக்குள் எந்தத் தூரிகை போகும்? அடுத்து, பழைய தகட்டுக்கும் புதிய தகட்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டாகிறது. அங்கே நீர் புகுந்தால் உயிர்வளி குறைந்த ஆனோடு தயார். மூன்றாவதாக, உள்ளே இருந்த சேறும் உப்பும் அங்கேயே இருக்கின்றன. நோய் உள்ளே இருக்க, மேலே மருந்து தடவியது போன்ற கதைதான்.

வெல்டிங் செய்தவரின் கைவேலையைக் குறை சொல்வது சரியல்ல. ஒரு சிறு ஓட்டை, சுற்றிலும் நல்ல இரும்பு, உள்ளே சுத்தம் செய்ய வழி என்றால் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு முறையாக ஒட்டுப் போடலாம். சட்டத்தின் பல இடங்களில் தகடு மெலிந்துவிட்டால், ஒட்டைப் பிடித்துக்கொள்ளக்கூட நல்ல இரும்பு மிஞ்சாது.

மூன்று காவலர்கள்: பெயிண்ட், வெள்ளீயம், துத்தநாகம்

இரும்பைக் காக்க மூன்று காவலர்களை வேலைக்கு வைக்கிறோம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் காவலர் பெயிண்ட். நீரும் உயிர்வளியும் உள்ளே வராமல் இவர் கதவை அடைத்து நிற்பார். கதவில் ஒரு கீறல் விழுந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கீறல் வழியே நுழைந்த நீர், பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். மலைப்பாதையில் சரளைக் கற்கள் தெறிக்கும் வண்டிக்குக் கீறல் விழாமல் இருக்குமா?

இரண்டாம் காவலர் வெள்ளீயம். ஒரு காலத்தில் நம் நாடு உலகத்துக்கே வெள்ளீயம் தோண்டிக் கொடுத்தது. ஈப்போ வட்டார மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். உணவு டின்களின் எஃகுத் தகட்டில் மெல்லிய வெள்ளீயப் பூச்சு உண்டு. பூச்சு முழுமையாக இருக்கும்வரை பாதுகாப்பு நன்று. ஆனால் டின் நசுங்கிக் கீறல் விழுந்தால், பூச்சே இல்லாத இரும்பைவிட அந்த இடம் வேகமாகத் துருப்பிடிக்கும். காரணத்தைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

மூன்றாம் காவலர் துத்தநாகம். இவரும் கதவை அடைத்து நிற்பார். கதவில் கீறல் விழுந்தாலும் ஓடிவிட மாட்டார். இரும்புக்குப் பதிலாகத் தன்னையே கொடுப்பார்.

இந்த வேறுபாட்டின் காரணம் மின்வேதியியல் வரிசையில் இருக்கிறது. நியம மின்முனை மின்னழுத்தங்களைப் பாருங்கள்.

மெக்னீசியம்: −2.37 வோல்ட்
அலுமினியம்: −1.66 வோல்ட்
துத்தநாகம்: −0.76 வோல்ட்
இரும்பு: −0.44 வோல்ட்
வெள்ளீயம்: −0.14 வோல்ட்
செம்பு: +0.34 வோல்ட்

எண் எவ்வளவுக்கு எதிர்மறையாக இருக்கிறதோ, அந்த உலோகம் அவ்வளவு எளிதாக எலெக்ட்ரானை இழக்கும். துத்தநாகமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டபடி நனைந்தால், துத்தநாகம் முந்திக்கொண்டு எலெக்ட்ரானை இழக்கிறது. அந்த எலெக்ட்ரான்கள் இரும்புக்கு வருவதால் இரும்பு கேதோடாக மாறி, கரையாமல் தப்பிக்கிறது. இதைத்தான் தியாக உலோகப் பாதுகாப்பு என்கிறோம். வெள்ளீயமும் இரும்பும் சேர்ந்தால் கதை தலைகீழ். இரும்புதான் முந்திக்கொண்டு இழக்கும். கீறல் விழுந்த டின் ஏன் வேகமாகத் துருப்பிடிக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் 'தகரக் கூரை' என்பார்கள். தகரம் என்பது வெள்ளீயத்தின் பழைய பெயர். ஆனால் கூரையில் இருப்பது வெள்ளீயம் அல்ல, துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு. 'ஜிங்க் கூரை' என்று பேச்சில் சொல்கிறோமே, வேதியியல்படி அதுவே பொருத்தம்!

450 பாகையில் ஒரு குளியல்

'கால்வனைஸ்' என்ற சொல் லூயிஜி கால்வானி என்ற இத்தாலிய அறிவியலாளரின் பெயரிலிருந்து வந்தது. அவர் தவளைக் கால்களை வைத்து மின்சாரத்தை ஆராய்ந்தவர். இரும்புக்குத் துத்தநாகம் பூசியவர் அல்லர். உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கிப் பாதுகாக்கும் முறைக்கு 1837இல் காப்புரிமை பெற்றவர் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். இன்றும் அடிப்படை முறை அதேதான்.

புதிய அடிச்சட்டம் ஒன்று இந்தக் குளியலுக்குப் போகும் வழியைப் பார்ப்போம்.

1. காரக் கரைசலில் முக்கி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்குகிறார்கள்.
2. ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற அமிலத்தில் முக்கி, மேற்பரப்பிலுள்ள துருவையும் ஆக்சைடையும் கரைக்கிறார்கள்.
3. துத்தநாக அம்மோனியம் குளோரைடு கரைசலில் முக்குகிறார்கள். துத்தநாகம் இரும்போடு வினைபுரிய இது உதவுகிறது.
4. ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் வெப்பத்திலுள்ள உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுச் சட்டத்தையும் இறக்குகிறார்கள். துத்தநாகம் உருகும் வெப்பநிலை ஏறக்குறைய 420 பாகை.
5. வெளியே எடுத்து வழியவிட்டு, ஆறவைத்து, பூச்சின் தடிமனைச் சோதிக்கிறார்கள்.

தொட்டிக்குள் நடப்பது வெறும் பூச்சு வேலை அல்ல. இரும்பும் துத்தநாகமும் வினைபுரிந்து, இரண்டும் கலந்த உலோகக்கலவை அடுக்குகள் உண்டாகின்றன. அவற்றின் மேல் தூய துத்தநாக அடுக்கு படிகிறது. பெயிண்ட் இரும்பின் மேல் ஒட்டியிருக்கிறது. துத்தநாகமோ இரும்போடு பிணைந்திருக்கிறது. அதனால்தான் கல் பட்டாலும் எளிதில் உரிவதில்லை.

இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. உருகிய துத்தநாகம் நீர்மம் என்பதால், துளைகளின் வழியே பெட்டிக் குழாய்க்குள்ளும் புகுந்து உட்பக்கத்தையும் பூசிவிடுகிறது. தூரிகை போக முடியாத இடத்துக்கு இது போகிறது. அதற்காகச் சட்டத்தில் போதிய துளைகளை முன்கூட்டியே இடுவார்கள். துளையில்லாமல் மூடிய குழாயைத் தொட்டியில் இறக்கினால், உள்ளே அடைபட்ட ஈரம் ஒரு நொடியில் நீராவியாகி வெடித்துவிடும் ஆபத்து உண்டு.

"அப்படின்னா என் பழைய சட்டத்தையே கொண்டுபோய் முக்கினா ஆகாதா?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்விதான். துத்தநாகம் சுத்தமான இரும்போடு மட்டுமே வினைபுரியும், துருவோடு அல்ல. பெட்டிக்குள் தடித்துப் போயிருக்கும் துருவையும் பழைய பெயிண்டையும் முழுமையாக நீக்குவது கடினம். நீக்கிவிட்டாலும், தகடு எவ்வளவு மெலிந்துவிட்டது என்பது அப்போதுதான் தெரியவரும். இழந்த இரும்பைத் துத்தநாகத்தால் திருப்பித் தர முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஐ.எஸ்.ஓ. 1461 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி, 1.5 மில்லிமீட்டருக்கு மேல் 3 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள எஃகில் பூச்சின் சராசரித் தடிமன் குறைந்தது 55 மைக்ரான் இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான் இந்தப் பூச்சு.

ஓர் அடிச்சட்டத்தின் உள், வெளிப் பரப்புகளின் கூட்டுத்தொகை 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துத்தநாகத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம்.

பரப்பு = 100,000 சதுர சென்டிமீட்டர்
தடிமன் = 0.0055 சென்டிமீட்டர்
கன அளவு = 100,000 × 0.0055 = 550 கன சென்டிமீட்டர்
பொருண்மை = 550 × 7.14 = 3,927 கிராம்

ஏறக்குறைய 4 கிலோ துத்தநாகம்! ஒரு முழு வண்டியின் முதுகெலும்பைக் காக்க இவ்வளவு போதும்.

இது எத்தனை ஆண்டுகள் தாங்கும்? ஓரிடத்தில் ஆண்டுக்கு 2 மைக்ரான் தேய்கிறது என்று கொண்டால், 55 ÷ 2 = 27.5 ஆண்டுகள். உப்புக் காற்று வீசும் இடத்தில் ஆண்டுக்கு 5 மைக்ரான் தேய்ந்தால், 55 ÷ 5 = 11 ஆண்டுகள். ஆகவே 'கால்வனைஸ் செய்தால் ஆயுள் முழுக்கக் கவலையில்லை' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். இடத்தைப் பொறுத்து விடை மாறும். சேற்றைக் கழுவினால் ஆயுள் கூடும்.

அடிச்சட்டம் மாற்றுவது எப்படி நடந்தது?

மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டு, புதிய சட்டத்தையே மாட்டச் சொன்னார். அந்த வேலை ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை மாதிரி.

முதலில் காகித வேலை. வண்டியின் அடையாள எண் அடிச்சட்டத்தில்தான் பொறிக்கப்பட்டிருந்தது. சட்டத்தை மாற்றினால் அந்த எண்ணும் போய்விடும். அதனால் ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்கினார்கள்.

பிறகு பேட்டரியைத் துண்டித்து, எரிபொருள் தொட்டியை இறக்கி, பிரேக் குழாய்களையும் மின்கம்பிகளையும் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம் எடுத்து, காகிதத்தில் எண் எழுதி ஒட்டினார்கள். மேற்கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். என்ஜின், கியர் பெட்டி, அச்சுகள் எல்லாம் பழைய சட்டத்திலிருந்து இறங்கி, வெள்ளி போல மின்னிய புதிய சட்டத்தில் ஏறின.

அப்போது நான் கவனித்த சில அறிவியல் நுட்பங்கள்:

திருகுத் துளைகளில் துத்தநாகம் அடைத்திருந்தது. அவற்றை மீண்டும் மரை வெட்டிச் சரிசெய்தார்கள்.

புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்த இடத்தில், துளையின் ஓரத்தில் துத்தநாகத் தூள் நிறைந்த பெயிண்டைத் தடவினார்கள். ஒரு சில மில்லிமீட்டர் அகலமுள்ள கீறல்களைச் சுற்றியுள்ள துத்தநாகமே காத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய வெற்றிடத்துக்கு உதவி தேவை.

புதிய சட்டத்தின் மேல் வெல்டிங் வைக்க மெக்கானிக் மறுத்துவிட்டார். வெல்டிங் வெப்பத்தில் அந்த இடத்துப் பூச்சு அழிந்துவிடும். அதைவிட முக்கியம், துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். இதை உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள்.

அலுமினியக் கூடு எஃகைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டால், தன்னைக் கொடுப்பது அலுமினியம். துத்தநாகத்தின் மின்னழுத்தம் இரும்பைவிட அலுமினியத்துக்கு நெருக்கமானது. அதனால் இந்தச் சண்டை ஓரளவு தணியும். இருந்தாலும் நடுவே ரப்பர் தகடு வைத்துப் பூட்டினார்கள். உலோகங்கள் தொடாவிட்டால் எலெக்ட்ரான் ஓட வழியில்லை.

வேலை முடிய பல வாரங்கள் ஆயின. மாமாவின் சேமிப்பிலும் பெரிய ஓட்டை விழுந்தது. ஆனால் பழைய சட்டத்தைப் பட்டறை வாசலில் போட்டுச் சுத்தியலால் தட்டியபோது, யாரும் சந்தேகப்படாத இன்னும் இரண்டு இடங்களில் ஓட்டை விழுந்தது. அவற்றில் ஒன்று முன்சக்கரத்துக்குப் பக்கத்தில். மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுல தினமும் ஆறு பேர ஏத்திக்கிட்டு இறங்கியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் மாமாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். துருவை மூடி மறைப்பது பாதுகாப்பு ஆகாது. எலெக்ட்ரானை யார் இழக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே நாம் முடிவு செய்வதுதான் பாதுகாப்பு. கப்பல்களின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளையும், நிலத்தடிக் குழாய்களோடு மெக்னீசியக் கட்டிகளையும் இணைத்து வைப்பது இதே அறிவால்தான். அந்தக் கட்டிகள் கரைந்தால் மாற்றிக்கொள்ளலாம். கப்பலை மாற்ற முடியுமா?

செய்து பாருங்கள்

தேவையானவை: நான்கு கண்ணாடிப் புட்டிகள், உப்பு, இரண்டு சாதாரண இரும்பு ஆணிகள், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஜிங்க் பூசிய இரண்டு கூரை ஆணிகள், சிறிது செம்புக் கம்பி, உப்புத்தாள்.

முதல் புட்டியில் சாதாரண ஆணி. இரண்டாவதில் செம்புக் கம்பியை இறுகச் சுற்றிய சாதாரண ஆணி. மூன்றாவதில் ஜிங்க் ஆணி. நான்காவதில், உப்புத்தாளால் மெல்லிய கோடாகத் தேய்த்து உள்ளேயுள்ள இரும்பு தெரியும்படி செய்த ஜிங்க் ஆணி. எல்லாவற்றிலும் ஆணி பாதி மூழ்கும் அளவு, ஒரே செறிவுள்ள உப்பு நீரை ஊற்றுங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்துக் குறிப்பெழுதுங்கள். எதில் முதலில் பழுப்பு நிறம் வருகிறது? எதில் வெள்ளைப் பொடி படிகிறது? நான்காவது புட்டியில் தேய்த்த கோடு என்ன ஆனது? ஆணிகளைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் செய்தால், பொட்டாசியம் ஹெக்சாசயனோஃபெரேட் 3 கரைசலும் பினால்ப்தலினும் கலந்த ஜெல்லியில் ஆணிகளை வையுங்கள். நீல நிறம் தெரிந்தால் இரும்பு 2+ அயனி உண்டாகிறது. இளஞ்சிவப்பு தெரிந்தால் ஹைட்ராக்சைடு அயனி உண்டாகிறது. ஆனோடு எங்கே, கேதோடு எங்கே என்று வண்ணத்திலேயே காணலாம்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. கீறல் விழுந்த உணவு டின்னும் கீறல் விழுந்த ஜிங்க் கூரையும் ஒரே மழையில் நனைகின்றன. எதில் இரும்பு முதலில் துருப்பிடிக்கும்? மின்னழுத்த எண்களைக் காட்டி விளக்குக.

2. ஓர் அடிச்சட்டத்தின் மொத்தப் பரப்பு 12 சதுர மீட்டர். பூச்சின் தடிமன் 70 மைக்ரான். தேவையான துத்தநாகத்தின் பொருண்மை என்ன? (விடை: ஏறக்குறைய 6 கிலோ. வழிமுறையை நீங்கள் காட்டுங்கள்.)

3. இரும்பைக் காக்கச் செம்புக் கட்டியை இணைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அடுத்த முறை வீட்டில் கதவுக் கீலையோ சைக்கிள் சங்கிலியையோ பார்க்கும்போது, பெயிண்டுக்கு மேலே மட்டும் பார்க்காதீர்கள். மெக்கானிக் செய்தது போல ஒரு முறை தட்டிப் பாருங்கள்.